கால் கண்ணாடி

எழுபத்தாறில், ஸ்போர்ட்ஸ் சாமான் கம்பெனியின் செங்கல்பட்டுக் கடையை அமைத்துக் கொடுக்க வந்திருந்தார் ஹயாத் பாஷா. சுவருக்கு வெள்ளை, அலமாரிக்கு நீலம், வாசலுக்கு மேல் கம்பெனியின் ஓடும் மான். கேன்வாஸ் ஷூவைப் போட்டுப் பார்க்கத் தரையோரம் சாய்த்து வைத்த கண்ணாடி. அதில் கால் மட்டும்தான் தெரியும்.

மேனேஜர் செல்வராஜ் அதன் முன்னால் நின்று பார்த்தார். அவர் கால்களுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால்கள் தெரிந்தன. சின்னக் கால்கள், ஈரமாக, மணல் ஒட்டியபடி. கடையில் வேறு யாருமில்லை.

"பாய், இன்னா பாய் இது? பேஜாரா கீது. கண்ணாடிய எட்த்துடலாமா?"

பாஷா குனிந்து பார்த்தார். இடது குதிகாலில், சைக்கிள் சக்கரத்தில் சிக்கிய தழும்பு. அது அவர் மிதித்த சைக்கிள். மகள் சுராயாவை மாமல்லபுரத்துக் கடல் கொண்டுபோய் மூன்று வருஷமாகிறது. அப்போது அவளுக்கு நாலு வயது. கரையில் கிடந்த செருப்பு, குழந்தைகள் அளவில் எட்டாம் நம்பர்.

பெட்டிகளில் தேடி எட்டாம் நம்பர் ஷூவை எடுத்தார். நாடாவைத் தளர்த்திக் கண்ணாடி முன்னால் வைத்தார். கண்ணாடிக்குள் இடது கால் மெல்ல எழுந்து ஷூவுக்குள் போனது. விரல்கள் நுழைந்தன. குதிகால் வெளியிலேயே நின்றுவிட்டது. பாஷா ஷூவின் பின்பக்கம் விரலைக் கொடுத்து இழுத்துப் பார்த்தார். ஏறவில்லை.

"செல்வராஜ்," என்றார், தலை நிமிராமல். "பன்னெண்டாம் நம்பர் எடுப்பா. கொழந்த வளந்துட்டா."