நைமேகன் மருத்துவமனையில் ஒரு தீசன்

"பேரைச் சொல்லாமப் பேசு, லீஸ்பெத்," என்றார் டீக்கன் ஆபிரகாம், கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமலேயே.

ஷோன்டால் மென்னோனைட் சபையில் அந்த விதியை எவரும் எழுதி வைத்ததில்லை. எழுத வேண்டிய தேவையும் எழுந்ததில்லை. படையுடுப்பை அணிந்துவிட்டுச் சபை முன் நின்று மன்னிப்புக் கேட்காதவரின் பெயரை, அவர் இறந்த பிறகும், அங்கே ஒருவரும் உச்சரிப்பதில்லை. ஆயுதம் தொடுவது பாவம் என்பதற்காகவே நாடு விட்டு நாடு வந்து, கனடாவின் மானிட்டோபாச் சமவெளியில் கோதுமை விதைத்தவர்கள் அவர்கள்.

ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் எல்லாரும் ரொட்டியும் பிளம் ஜாமுமாக அமர்ந்திருந்தார்கள். வின்னிபெக்கிலிருந்து காரோட்டி வந்திருந்த பள்ளி ஆசிரியை லீஸ்பெத் மட்டும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"சரி, பேரைச் சொல்லல. எனக்குப் பெரியப்பா, உங்களுக்குத் தாய்மாமன். வியாழக்கிழமை செத்துப்போனார். அவரைப் பெத்தவங்க பக்கத்துல ஆறடி மண்ணு கேக்குறேன். குளிர் இறுகிட்டா குழிகூடத் தோண்ட முடியாது."

"வேலிக்கு அந்தப் பக்கம் நிறைய இடம் கெடக்கு," என்றார் கொர்னீலியஸ் ஃபுங்க், சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பிக்கொண்டே. "மண்ணும் பொலபொலன்னு இருக்கும்."

சிலர் சிரித்தார்கள். ஆபிரகாமின் தாய் அகனேத்தா, கனமான காப்பிக் கெண்டியுடன் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தாள்.

"சிரிங்க," என்றாள் லீஸ்பெத். "பண்ணை வீட்டுக் கொடியில ஒரு காக்கி மேலங்கி காஞ்சுது, அவர் 'என்னோடது'ன்னார். அவ்வளவுதான் உங்க மொத்த விசாரணை. எந்த ஊருக்குப் போனார், என்ன செஞ்சார்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"உடுப்பு உடுப்புதான். அதுல நல்லது கெட்டது என்ன?" என்றார் ஆபிரகாம்.

"நான் கேட்டேன். ஒட்டாவா ஆவணக் காப்பகத்துல தீசன்னு எங்க குடும்பப் பேரைச் சொன்னா, அந்தப் பேர்ல ஏகப்பட்டவங்க இருக்காங்க, எந்தத் தீசன் வேணும்னு என்னையே திருப்பிக் கேக்குறாங்க."

"அதை நம்ம தபால்காரரும் தினம் கேக்குறார்," என்றார் ஃபுங்க்.

லீஸ்பெத் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அப்புறம் பெரியப்பாகிட்டயே போய்க் கேட்டேன். 'நைமேகன்'னு ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு மேல வாயைத் திறக்கல. போன கோடையில ஹாலந்துல இருக்குற அந்த ஊருக்கு நானே போனேன். ரெண்டாம் உலகச் சண்டை நடந்தப்ப அங்க கனடாப் படையோட மருத்துவமனை இருந்திருக்கு. கேட்டுதா, ஆபிரகாம்? மருத்துவமனை. துப்பாக்கி இல்ல."

"யார் சொன்னது?"

"கேஸ்னு அந்த ஊர்க்காரர் ஒருத்தர். சின்னப் பையனா இருந்தப்ப குண்டு விழுந்து ரெண்டு காலும் வெந்து அங்க கெடந்தவர். நம்ம வீட்டுல பேசுற ஜெர்மனும் அவங்க டச்சும் ஒட்டி ஒட்டித்தானே வருது, பாதி புரிஞ்சுது. கனடாக்காரங்கள்ல அந்தப் பையனோட பேச்சு புரிஞ்சது ஒரே ஒருத்தருக்குத்தானாம். ராத்திரி அவன் அலறினா பக்கத்துல உக்காந்து, தூங்குற வரைக்கும் கதை சொல்வாங்களாம். இந்தப் பாவத்துக்குத்தான் வேலிக்கு வெளியே இடம் பார்க்குறீங்க."

கூடத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஆபிரகாமின் குரலும் தாழ்ந்தது.

"நான் என்ன செய்ய முடியும், லீஸ்பெத்? ஒரு தடவை வந்து நின்னு, தப்புன்னு சொல்லியிருந்தா போதும். சொன்னவங்களை எல்லாம் சேத்துக்கிட்டோம். அவர் சொல்லலையே."

"செய்யாத தப்பை எதுக்குச் சொல்லணும்? சொந்தத் தங்கச்சிகூட ஒரு வார்த்தை பேசாம ஐம்பது வருஷம் இருந்துட்டாங்க." லீஸ்பெத் சட்டென்று அகனேத்தாவின் பக்கம் திரும்பினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "ஆனா அவர் அங்கயும் உங்களை மறக்கல, அத்தை. தீசன்னு நான் பேரைச் சொன்னதும் அந்த கேஸ், 'தீசன் சகோதரி, தீசன் சகோதரி'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அந்தப் பையன்கிட்டகூட உங்களைப் பத்தித்தான் பேசிப் பேசித் தீர்த்திருக்கார். நீங்க அப்போ வின்னிபெக்ல யார் வீட்டுலயோ பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தீங்க."

அகனேத்தா கெண்டியை மேசைமேல் வைத்தாள்.

"கேஸ் இன்னும் உயிரோட இருக்கானா?" என்றாள். "நடக்குறானா?"

"அம்மா, நீங்க உக்காருங்க," என்றார் ஆபிரகாம்.

"இத்தனை வருஷம் உக்காந்துதானே இருந்தேன்." அவள் மகனைப் பார்க்காமல், கூடம் முழுவதையும் பார்த்துப் பேசினாள். "பீட்டர் இந்த நாட்டை விட்டு ஒரு அடிகூட வெளியே வெச்சதில்ல."

பெயரைக் கேட்டதும் ஃபுங்க் விதை மெல்லுவதை நிறுத்தினார்.

"கொடியில காஞ்ச மேலங்கி யாரோடதுன்னு சபைப் பெரியவங்க வந்து நின்னப்ப, எனக்கு உங்க அப்பாவோட கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, ஆபிரகாம். அது நின்னுடக் கூடாதுன்னு பீட்டர் முந்திக்கிட்டு 'என்னோடது'ன்னுட்டான். நானும் வாயை மூடிக்கிட்டேன்." அவள் லீஸ்பெத்தின் கையைப் பற்றிக்கொண்டாள். "ஹாலந்துல நர்ஸைச் சகோதரின்னுதான் கூப்பிடுவாங்க, கண்ணு. அந்த உடுப்பைப் போட்டவ பேரு அகனேத்தா தீசன். அவ இன்னும் மன்னிப்புக் கேக்கல, கேக்கவும் மாட்டா."