இடதா, வலதா

வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: லேப்டாப் முன்னால் நபீசா, புர்கா மாட்டிக்கொண்டிருந்த மருமகள் ஃபரீஹா, வார விடுமுறையில் இருந்த மகன் அன்வருதீன்.

நபீசாவின் விரல் மவுஸைத் தட்டிக்கொண்டே இருந்தது. போனில் லட்டு பிடிக்கும் கேம் ஒன்று உண்டு. தட்டத் தட்ட லட்டு குவியும், அவ்வளவுதான். ஆறு மாதமாக அவளுக்கு அதுதான் உலகம்.

"இப்ப லேப்டாப்புலயுமா? சும்மா தட்டிக்கிட்டே இருக்கறதுல என்னம்மா இருக்கு?"

"பேசாதடா, தப்பாயிடும்."

அன்வருதீன் மனைவியிடம் திரும்பினான். "நீ எங்க கெளம்பிட்ட?"

"லாஸ்பேட்டை. பி.எட். கடைசிப் பரீட்சை."

"வீட்லேர்ந்து பாக்கற வேலைய விட்டுட்டுப் படிப்பு வேணாம்னு சொன்னேன்ல? லீவு குடுத்தாங்களா?"

"இல்ல."

"பத்து நிமிஷம் கிளிக் விழலன்னா ஆளத் தூக்கிடுவாங்கன்னு நீதான சொன்ன?"

"ஆமா. அதான் மாமி உக்காந்திருக்காங்க."

அவன் குனிந்து திரையைப் பார்த்தான். லட்டு இல்லை. கடைப் படம் வந்தால் இடது பக்கம், வீட்டுப் படம் வந்தால் வலது பக்கம் தட்ட வேண்டும். மேலே ஃபரீஹாவின் பெயர். அதன் கீழே, 'இந்த மாதத்தின் சிறந்த பணியாளர்'.

"எத்தினி நாளா நடக்குது?"

"நீ ஷிஃப்டுக்குப் போறப்பல்லாம், மூணு மாசமா," என்றாள் நபீசா, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "இதவிட லட்டுதான்டா கஷ்டம். அவளுக்கு நேரமாவுது, அனுப்பு. நான் எந்திரிக்க முடியாது."

ஃபரீஹா ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். யாரும் வந்து பார்த்துவிடாதபடி அன்வருதீன் அவள் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.