டொம் பெட்டி

"மரியாதையா எடுத்து வெளிய வெச்சிடுங்க. கருவாடு எங்க கீது?"

ஹவுஸ் ஓனர் கிருஷ்ணப்பன் வாசற்படியில் நின்று கத்தினார். அவருக்கு முன்னாலேயே அவர் மூக்கு வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

ஐரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கருவாடா? மாதா சத்தியமா இல்ல சார். மத்தியானம் ரசம், ராத்திரிக்கு உப்புமா. வேணும்னா உள்ள வந்து பாருங்க."

வந்தார். ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து மோந்தார். ஒன்றும் சிக்கவில்லை. கோபம்தான் ஏறியது.

"வூடு வுடறப்பவே இன்னா சொன்னேன்? கவுச்சியே கூடாதுன்னு சொன்னேனா, இல்லியா? நாலஞ்சு நாளா பாத்துகினுதான் கீறேன். சாயங்காலம் ஆனா சுவரேறிக் குதிச்சு வருது நாத்தம். இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க."

ஐரீனுக்கு அழுகையே வந்துவிட்டது. திருவொற்றியூரில் குழாயில் தண்ணீர் வருகிற வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்காகத்தானே வாயைக் கட்டிக்கொண்டு இங்கே குடித்தனம் பண்ணுகிறாள்! ராயபுரத்தில் பிறந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று மீன் தின்கிறவர்களுக்குத்தான் புரியும்.

இத்தனை அமர்க்களத்திலும் அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டி.வி. பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஹார்பரில் வெல்டர் அவன். வீட்டிலேயே தியேட்டர் வேண்டும், குண்டு வெடித்தால் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும் என்று ஆசை. கடையில் விற்கிற ஹோம் தியேட்டர் நமக்குக் கட்டாது என்று சப்வூஃபரை அவனே செய்துவிட்டான். புதுப்பேட்டையில் பிடித்த பழைய கார் ஸ்பீக்கர், ரிச்சி தெரு ஆம்ப்ளிஃபயர், உள்ளே இருக்கும் காற்று வெளியே வர ஒரு பிவிசி பைப். ஐரீன் அதற்கு வைத்த பெயர் டொம் பெட்டி.

"கோவத்தை அப்பால வெச்சிக்கலாம் சார். இந்த ஒரு சீனைக் கேளுங்க, அசந்துடுவீங்க" என்றான், நேரம் காலம் தெரியாமல்.

வி.சி.டி.யில் ஏதோ டப்பிங் படம். நடுக்கடலில் கப்பல் ஒன்று வெடித்தது.

டொம்ம்ம்!

அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. பைப்பிலிருந்து குப்பென்று ஒரு காற்று கிருஷ்ணப்பன் முகத்தில் அடித்தது. அசல் கருவாட்டுக் காற்று.

மூன்று பேரும் பெட்டியையே பார்த்தார்கள்.

"இன்னாப்பா பலகை இது? எங்க புடிச்ச?"

"காசிமேட்ல சார். ஒரு பழைய லாஞ்சை ஒடைச்சாங்க. மீனு கொட்டி வெப்பாங்களே ஐஸ் ரூமு, அதோட பலகை. நல்ல கெட்டி! சோப்பு போட்டுக் கழுவி, காயவெச்சுதான் சார் அடிச்சேன்."

ஐரீன் தலையில் அடித்துக்கொண்டாள். வருஷக்கணக்காக மீனையும் உப்பையும் குடித்த பலகை. சும்மா கிடந்தால் சமர்த்து. ஆம்ப்ளிஃபயர் சூடேறினால் மணக்கிறது, குண்டு வெடித்தால் அடுத்த வீட்டுக்கும் பங்கு போகிறது.

"இப்பவே பிரிச்சுப் போட்டுடறேன் சார். வூட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லாதீங்க." ஸ்டானிஸ்லாஸ் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பவன் போல் அவன் முகம் சுருங்கிவிட்டது.

கிருஷ்ணப்பன் வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அடிக்கப்போகிறார் என்றே ஐரீன் நினைத்தாள்.

அவரோ பெட்டிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கப்பலை இன்னொரு தபா வெடிக்க வையி."

டொம்ம்ம்!

கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். "வாளை... கொஞ்சம் சுறாவும் கலந்து கீது. ஆஹா!"

ஐரீனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

"கருவாடுன்னா உசுரை வுடுவேம்மா நானு. எம் பொஞ்சாதி சொக்கம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சு. அப்ப இந்த வாசனை பட்டாலே வாந்தி எடுப்பா. அவ எதிர்ல நான் மட்டும் எப்டித் துன்றது? எனக்கும் வெறுத்துப்பூடுச்சுன்னு ஒரு பொய்யைச் சொல்லி வுட்டுட்டேன். வருஷம் ஓடிப்பூடுச்சு. பெட்டியப் பிரிக்காத. அவ கோயிலுக்குப் போனதும் குரல் குடுக்கறேன், அப்ப மட்டும் போடு."

வீடும் பிழைத்தது, பெட்டியும் பிழைத்தது. ஸ்டானிஸ்லாஸ் சந்தோஷம் தாங்காமல் ஐரீனைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினான்.

மறுநாள் மத்தியானம் கிருஷ்ணப்பன் ரேஷன் கடைக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் கதவு தட்டப்பட்டது. சொக்கம்மாள்! முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு நின்றார்.

ஐரீன் முந்திக்கொண்டாள். "இனிமே நீங்க இருக்கறப்ப பெட்டிய போடவே மாட்டோம்மா. உங்களுக்கு வாசனை ஆவாதுன்னு சார் சொன்னாரு."

"எனக்கா? அது ஆபரேஷன் ஆன புதுசுல. ரெண்டு மூணு மாசத்துல சரியாப்பூடுச்சே. டொம்முன்னு சத்தம் வந்தாத்தான் வாசனையும் வருதுன்னு நேத்துதான் கண்டுபுடிச்சேன்."

முந்தானையை விலக்கினார். ஒரு கிண்ணம் நிறையப் பழைய சோறு.

பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். "போடும்மா, வெடிக்கட்டும். அவர்கிட்ட மட்டும் மூச்சு வுட்டுடாத. மனுசன் அடியோட வெறுத்துட்டாரு. அவரு வெறுத்ததை வூட்ல வெச்சு நான் மட்டும் எப்டிம்மா துன்றது?"