புல்லாங்குழல் இல்லாத வருஷம்

மேடையில் இன்னும் பொன்னாடை தீரவில்லை.

"படம் போடுவாங்களா யக்கா, இல்ல துண்டு போட்டே அனுப்பிடுவாங்களா?" என்றாள் புஷ்ரா.

சுந்தரியின் கண் மேடைக்குப் பின்னால் தொங்கிய வெள்ளைத் திரையிலேயே இருந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே வேலூருக்கு வந்திருந்தாள். துணைக்குப் பக்கத்து மெஷின் புஷ்ரா. வந்தது பொன்னாடை பார்க்க இல்லை. போட்டிக்கு வந்த படங்களைப் பார்க்கவும் இல்லை.

பாலாறு சுயாதீனத் திரைவிழா வருஷா வருஷம் தன் வரலாற்றைத் தானே படமாகக் காட்டிவிட்டுத்தான் தொடங்கும். நேற்றுப் பிறந்த விழாவுக்கு அவ்வளவு வரலாறு.

அதில் கண் மூடித் திறப்பதற்குள் சுந்தரியின் தம்பி புகழேந்தி வந்து போவான். தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தொட்டி ஓரம் நிற்பான். நெற்றியைத் துடைப்பான். கேமராவைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொல்வான்.

என்ன சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. சரியாக அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் அழும்.

வீட்டில் அவனுடையது என்று இருப்பது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். அதில் அவனே அவன் மாதிரி இல்லை. அசைகிற தம்பி இங்கே மட்டும்தான். அந்த உதட்டசைவு ஒரு வருஷம் 'வர்றேன்' போல இருக்கும். இன்னொரு வருஷம் 'அக்கா' போல இருக்கும். அதை வைத்துக்கொண்டு அடுத்த விழா வரை ஓட்டுவாள்.

"அந்த மீசிக்க நிறுத்திட்டுப் போட்டுக் காட்டுங்க சார், அவன் கொரல கேக்கணும்" என்று விழாவின் நிறுவனர் பேராசிரியர் ராமமூர்த்தியிடம் கெஞ்சாத வருஷம் இல்லை.

"அன்னைக்கு சத்தமே பதிவாகலம்மா" என்பார் அவர்.

அவர் எடுத்த படம்தான் அது. அதைத் திரையிடவே விழா பிறந்தது. முதல் வருஷம் முதல் பரிசும் அதற்கே. நடுவர் குழுத் தலைவர் யார் என்று கேட்பது அநாகரிகம்.

புகழேந்தி செத்த கதையை அவர் மேடைதோறும் சொல்வார். படப்பிடிப்பை முடித்துக்கொண்டு நாங்கள் டீ குடிக்கப் போனோம், தோழர்களே. திரும்பி வருவதற்குள் முதலாளித்துவம் அந்த இளைஞனை மறுபடி அந்த விஷவாயுத் தொட்டியில் இறக்கிவிட்டது.

மண்டபம் கைதட்டும். சுந்தரியும் தட்டியிருக்கிறாள். அந்தக் கம்பெனி மேனேஜர் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டும் வந்திருக்கிறாள்.

இந்த வருஷம் முதலாளித்துவம் மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

விழாச் செலவு முழுக்க ஒரு தோல் கம்பெனி. புகழேந்தி செத்த கம்பெனி இல்லை, அதற்கு அடுத்த காம்பவுண்டு. அதனால் பேராசிரியரின் பேச்சில் 'இறக்கிவிட்டது' காணாமல் போய் 'ஒரு துயரமான விபத்து' வந்திருந்தது. புதிய வரலாற்றுப் படத்தைக் கம்பெனியே எடுத்துக் கொடுத்திருப்பதாகவும், தாமே இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கப் போவதாகவும் சொல்லி நெகிழ்ந்தார்.

சுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவனையும் வெட்டி எறிஞ்சிருப்பானுங்க. எறிஞ்சிருந்தா பாரு, மேல ஏறி மைக்கப் புடுங்கிடுவேன்."

"புடுங்கு யக்கா. செருப்ப நான் ரெடியா வெச்சிக்கறேன்."

விளக்கு அணைந்தது.

குத்துவிளக்கு, கோட்டை, அகழி, ராமமூர்த்தி. மறுபடி கோட்டை, மறுபடி ராமமூர்த்தி. கம்பெனியின் விளம்பர ஆட்கள் பழைய கேமராமேனைத் தேடிப்பிடித்து, எடுத்தது எடுத்தபடி எல்லாவற்றையும் வாங்கி, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல் பளபளக்க வைத்திருந்தார்கள்.

புகழேந்தி வந்தான்.

வெட்டவில்லை. முன்னைவிடப் பெரிதாக, திரை முழுக்க வந்தான். புருவத்துத் தழும்பு தெரிந்தது. தலையிலிருந்து சொட்டுவது வேர்வை இல்லை, தொட்டித் தண்ணீர் என்பதும் இந்த வருஷம்தான் தெரிந்தது.

அவன் மார்புக்கு நேராக 'உழைப்பின் புன்னகை' என்று எழுத்து ஓடியது. பக்கத்தில் கம்பெனி முத்திரை.

சுந்தரி எழுந்துவிட்டாள். புஷ்ரா செருப்பைக் கழற்றிவிட்டாள்.

ஆனால் புல்லாங்குழல் வரவில்லை. சோகம் எதற்கு என்று கம்பெனி அதை எடுத்துவிடச் சொல்லியிருந்தது. இத்தனை வருஷம் அதற்கு அடியில் அமுங்கிக் கிடந்தது மேலே வந்தது. தோல் ஊறும் டிரம் சுற்றும் சத்தம். ஒரு காக்கை. கேமராவுக்குப் பின்னாலிருந்து, மேடைதோறும் கேட்டுப் பழகிய அதே குரல், கொஞ்சம் இளசாக.

"மூஞ்சி சரியா விழலப்பா."

புகழேந்தி நெற்றியைத் துடைத்தான். கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னொரு தபா எறங்கணுமா சார்? தல சுத்துது... சரி, உங்களுக்காவ."

அந்தச் சிரிப்புக்கு மண்டபம் கைதட்டியது. நடு நாற்காலியும் தட்டியது. ராமமூர்த்தி மட்டும் தட்டவில்லை. அந்தப் புழுக்கத்தில் பொன்னாடையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டிருந்தார்.

திரையில் மறுபடி கோட்டை வந்துவிட்டது.

சுந்தரி மேடை ஏறவில்லை. மைக்கைப் பிடுங்கவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி, ராமமூர்த்தியைப் பார்த்து, கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து சொன்னாள்.

"இன்னொரு தபா போடுங்க சார்."