வளைந்து கொடுக்கும் கோடு

மதிய வெயில் மடிக்கணினித் திரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. தம்பியின் சிறுநீரகப் பரிசோதனை அளவுகளை அக்கா வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைக்கிறாள். அந்தப் புள்ளிகளுக்கு, போகப்போக வேகமாக ஏறும் அடுக்குக்குறி வளைவைப் பொருத்தும்படி கணினியிடம் சொன்னதும் கோடு தவழ்ந்து, எழுந்து, டயாலிசிஸ் என்று அவளே வரைந்து வைத்த சிவப்புக் கோட்டில் போய் முட்டுகிறது. பக்கத்தில் அவன் ஓயாமல் கால் ஆட்டுகிறான். மேசை நடுங்கி, சுட்டியும் நடுங்குகிறது. “கால ஆட்டாம உக்காருடா.” “அக்கா, அந்தக் கடைசிப் புள்ளிய மட்டும் கொஞ்சம் கீழ இழுத்துப் பாரேன்.” “அது உன் ரத்தம்டா, என் இஷ்டத்துக்கு இழுக்க முடியுமா?” என்றபடியே இழுக்கிறாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி கோடு வளைந்து கொடுத்து, சிவப்புக்கு வெகு கீழே படுத்துக்கொள்கிறது. அவன் கால் நிற்கிறது. “இப்பிடியே இருக்கட்டுமே,” என்கிறான். அவள் விரலை எடுக்கவில்லை. மேசை மறுபடியும் நடுங்குகிறது. இந்த முறை ஆடுவது அவளுடைய கால்.