காலி இடம்

இன்னும் இரண்டு ஜிபி இடம் வேண்டும் என்றது மடிக்கணினி.

மணி மூன்று ஐந்து.

நாலு மணிக்கு டாக்டர் கிளம்பிவிடுவார். பிறகு பத்து நாள் ஊரில் இருக்கமாட்டார். அதற்குள் ஸ்கேன் படங்கள் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். பார்த்துவிட்டுத்தான், தலையைத் திறப்பதா வேண்டாமா என்று சொல்வார்.

ஆஸ்பத்திரியில் படங்களை டிவிடி தகட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் தகடு போட வாய் உள்ளது இந்த மடிக்கணினிக்கு மட்டும்தான். காலையில் பிரதி எடுக்கத் தொடங்கியபோது இடம் போதாமல் பாதியில் நின்றுவிட்டது.

அவன் இடது கையால் மவுஸைப் பிடித்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது.

மனைவி பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்ட இயந்திரம் அது.

"உங்க மூத்த தாரத்துக்கு இன்னைக்கு என்ன கேடு?"

"தின்னு தின்னு வயிறு ரொம்பிப் போச்சு. கக்க மாட்டேங்குது."

இருவரும் சிரிக்கவில்லை.

வரைபடங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தான். வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் அவன் தொழில். பதினோரு வருடத்து வீடுகள் உள்ளே இருந்தன. தண்ணீர்த் தொட்டி வைக்க மறந்துபோன வீடு. கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிற வீடு. நாலு அண்ணன் தம்பிகளுக்கு நாலு சமையலறை வைத்த வீடு.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தான்.

"அதை ஏன் அழிக்கிறீங்க? பாட்டை அழிங்க."

"வீடெல்லாம் கட்டியாச்சு. பாட்டுன்னா படுத்துக்கிட்டே கேக்கலாம்."

அவள் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வீடுகள் போயின. ஒன்று புள்ளி மூன்று ஜிபி காலி.

மூன்று இருபது.

போட்டோக்களில் கைவைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. திரையில் அம்புக்குறியை மேலும் கீழும் நகர்த்தினான். ஒரு மூலையில், வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர் ஒன்று கிடந்தது. எழுநூறு எம்பி.

மேசைமேல் இருந்த தகட்டின் உறையைப் பார்த்தான். ஆஸ்பத்திரி எண். அதே எண்தான்.

"காலையில பாதியில நின்ன பிரதி," என்றான்.

"பாத்து."

"பாத்தாச்சு."

குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பாமல் ஒரேயடியாக அழித்தான். இடம் காட்டும் பட்டை சிவப்பிலிருந்து நீலமாயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் சொன்னபடி கேட்டது. தகடு சுற்றியது. படங்கள் இறங்கின. சுருக்கி அனுப்பினான். மூன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவள் நாற்காலியை விட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் பாதி குடிப்பதற்குள் கைபேசி அடித்தது.

டாக்டரின் உதவியாளர். நிதானமான பெண் குரல்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ஸ்கேனையும் உடனே அனுப்புங்க. மூளையில தெரியற அந்தப் புள்ளி அப்பவே இதே அளவுல இருந்துதுன்னா, தொட வேண்டாம்னு சொல்லிடுவாரு. புதுசா வந்ததுன்னா வேற மாதிரி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் தெரியும்."

"அனுப்பறேன்," என்றான்.

கைபேசியை வைத்தபிறகுதான் உறைத்தது. அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆளுக்கு ஓர் எண்தான். மூன்று வருடம் கழித்துப் போனாலும் அதே எண்தான்.

காலையில் நின்றுபோன பிரதி ஒரு ஃபோல்டராகக்கூட மிஞ்சியிருக்கவில்லை. அவன் அழித்தது அதை அல்ல; மூன்று வருடத்துக்கு முன் பிரதி எடுத்து வைத்திருந்த பழைய ஸ்கேனை.

குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தான். வரைபடங்கள்கூட இல்லை. அதையும் அவனேதான் காலிசெய்திருந்தான்.

"அப்ப குடுத்த சிடி எங்க?"

அவள் பால்கனிக்குப் போனாள்.

அனுப்பியாகிவிட்ட படங்களை அழித்து மறுபடி இடம் பண்ணினான். இந்தத் தடவை தேதியை இரண்டு முறை பார்த்தான்.

அவள் திரும்பி வந்தாள். கையில் நைலான் கயிறு. கயிற்றின் நுனியில் தகடு ஆடிக்கொண்டிருந்தது. புறா வராமல் இருக்கக் கொடிக்கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தது.

"ஒண்ணுமே இல்லைன்னுதானே அப்ப சொன்னாங்க," என்றாள்.

மூன்று வருட வெயில். மூன்று வருட மழை. முகம் பார்க்கலாம் போலிருந்த பக்கம் பால் திரிந்ததுபோல் மங்கியிருந்தது. முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள். ஈரத் துணியால் துடைத்தாள், பிறகு காய்ந்த துணியால், பிறகு உள்ளங்கையால்.

மூன்று நாற்பத்தொன்பது.

தகட்டை உள்ளே தள்ளினான். சுற்றியது. நின்றது. ஏதோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம். மறுபடி சுற்றியது.

பால்கனிக் கம்பியில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. இருவரும் அதை விரட்டவில்லை.

மறுபடி நின்றது.

அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

திரையில் ஒரு சாளரம் திறந்தது. முதலில் எண் வந்தது. பிறகு, மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. அதற்குக் கீழே மெதுவாக ஒரு வரி.

ஆண். வயது 41.

படங்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின.

அவன் மடியில் கிடந்த வலது கையை அவள் எடுத்து மேசைமேல் வைத்தாள். பதினோரு வருடம் கோடு பிசகாமல் வரைந்த கை. அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

மேசை அதிர்ந்துகொண்டிருந்தது. தகடு சுற்றுவதாலும் இருக்கலாம்.