முட்டை போடாத பாஸ்தா

"பாஸ்தாவுல முட்டை போட்டியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

வீட்டுக்காரம்மா சௌந்தரம் மாடிப் போர்ஷன் வாசலில் நின்று கத்தியது தெருமுனை வரை போயிருக்கும்.

மாடியில் குடியிருக்கும் பிரிசில்லா மாவுக் கையோடு எழுந்து நின்றாள். சனிக்கிழமை, அவள் வேலை பார்க்கும் ஸ்கூல் லீவு. சப்பாத்திக் கட்டையில் தேய்த்து ரிப்பன் ரிப்பனாக நறுக்கிய பாஸ்தா, துணி மாட்டும் ஹேங்கரில் தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் சௌந்தரத்தின் மகள் வினோதினி. ஏழாம் மாசம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து, பாஸ்தா கத்துக்கறேன், கேக் கத்துக்கறேன் என்று தினமும் மாடிக்கு வந்துவிடுவாள்.

"ரவையும் மைதாவும்தாம்மா. வெந்நீர் ஊத்திப் பிசைஞ்சேன்."

"பின்ன எப்பிடி மஞ்சளா இருக்கு?"

"மஞ்சத்தூளும்மா."

சௌந்தரத்துக்குப் பின்னால் நின்ற அவள் கணவர் ராமாமிர்தம் முன்னால் வந்தார். ரிட்டயர் ஆனதிலிருந்து நாள் முழுக்க செல்போன் பார்ப்பவர். அதனால் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

"முட்டை இல்லாம பாஸ்தா வராது. இத்தாலிக்காரனே போடுறான், வீடியோவுல பாத்தேன்" என்றபடி கையிலிருந்த பேப்பரைப் பிரித்தார். உள்ளே முட்டை ஓடு.

"உங்க குப்பைக் கூடையில இருந்துச்சு. இதுவும் மஞ்சத்தூளா?"

சிதம்பரத்தில் இந்த வீடு கிடைக்க பிரிசில்லாவும் அவள் கணவன் ஆரோக்கியராஜும் நாலு மாசம் அலைந்தார்கள். பேரைச் சொன்னதுமே பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். ராமாமிர்தம்தான் ஒரே ஒரு கண்டிஷனோடு சாவியைக் கொடுத்தார். வீட்டுக்குள் கவிச்சி கூடாது, முட்டையும் அதில் சேர்த்தி. அன்றிலிருந்து அவர்களுக்கு மீன் குழம்பு என்றால் கடலூரில் பிரிசில்லாவின் அம்மா வீட்டில்தான். ஆனாலும் வீடு நல்ல வீடு. அவர்கள் மகள் படிக்கிற ஸ்கூல் அடுத்த தெரு. கீரப்பாளையத்தில் வேலை பார்க்கும் ஸ்கூலுக்குப் போக பிரிசில்லாவுக்கு பஸ் ஸ்டாப்பும் பக்கம்.

பிரிசில்லா திரும்பி வினோதினியைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போய் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்து போட்டுப் பாத்தேன் சார். தப்புதான்."

"படிச்ச பொண்ணாச்சேன்னு நம்பி வீட்டக் குடுத்தா இப்பிடியா பண்ணுவ?" என்று குதித்தாள் சௌந்தரம். மகள் கையைப் பிடித்து எழுப்பினாள். "நீ வாடி கீழ. இனிமே இங்க வந்தேன்னா பாரு!"

ராமாமிர்தம் சத்தமெல்லாம் போடவில்லை. "மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மத்தியானம் வேலையிலிருந்து வந்த ஆரோக்கியராஜ், விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நாமதான் முட்டையே வாங்குறதில்லியே! எதுக்கு ஒத்துக்கிட்ட?"

"வாங்குறேங்க. வினோதினிக்கு. ரத்தம் கம்மி, கொழந்த வெயிட்டு ஏறல, முட்டை சாப்புடுன்னு டாக்டரு சொல்லிட்டாராம். அவுங்கம்மா ஆஸ்பத்திரி வாசல்லயே, அதெல்லாம் நம்ம வீட்ல ஆவாது, பேரீச்சம்பழம் வாங்கித் தரேன்னுட்டாங்களாம். எங்கிட்ட வந்து அழுவுது அந்தப் பொண்ணு. அவிச்சுக் குடுத்தேன்."

"அதுக்கு நாம தெருவுல நிக்கணுமா?"

"உண்மையச் சொல்லியிருந்தா புள்ளத்தாச்சிப் பொண்ண அந்த மனுஷன் என்ன பாடு படுத்துவாரு? நமக்கு வேற வீடு கெடைக்கும், விடுங்க."

சொன்னாளே தவிர, கிடைக்கும் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. சௌந்தரத்தை நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. பெத்த பொண்ணைவிட ஆசாரம் பெரிசா போச்சா இந்த அம்மாவுக்கு?

மறுநாள் காலை. பிரிசில்லா சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சௌந்தரம் மாடியேறி வந்தாள். ராமாமிர்தம் கோயிலுக்குப் போயிருந்தார்.

"நீ காலி பண்ண வேணாம்" என்றாள். நேற்றைய குரலே இல்லை.

"சார்தான் மாசக் கடைசின்னு..."

"அவருகிட்ட பேசிட்டேன். மாடி ரோஜாத் தொட்டிக்கு ஒரம் போடணும்னு எதுத்த வீட்ல நான் வாங்கியாந்த ஓடு, பெருக்குறப்ப உன் குப்பையில சேந்துடுச்சுன்னு சொல்லிட்டேன்."

பிரிசில்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான்தான் போட்டேன்னு ஒத்துக்கிட்டேனேம்மா?"

"உங்க மொகத்தப் பாத்த பயத்துல, செய்யாத தப்ப ஒத்துக்கிச்சு அந்தப் பொண்ணுன்னேன். தன்னப் பாத்து ஒரு ஆளு பயப்புடுதுன்னதும் அவருக்கு சந்தோஷம் தாங்கல. ஒடனே நம்பிட்டாரு."

"நீங்க எதுக்கும்மா எனக்காக பொய் சொல்லணும்?"

சௌந்தரம் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தாள். "நேத்து நான் கத்துனத மனசுல வச்சிக்காத. நான் கத்தலேன்னா அவரு நோண்ட ஆரம்பிச்சிருப்பாரு" என்றாள்.

ரெண்டு படி இறங்கினாள். கீழே யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"வினோதினி சாயங்காலம் வருவா. டாக்டரு எங்கிட்ட தினம் ரெண்டு முட்டைன்னு சொன்னாரு. நீ ஒண்ணுதான் குடுக்குற போலிருக்கே?"